பழைய ஒட்டோ கியர் காரில் எண்ணெய் மாற்றும் முறை: 121 கொரோல்லாவை முன்வைத்து

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, ஏற்கெனவே வீதியில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஜப்பானியக் கார்களை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டியே ஆகவேண்டும் என்ற நிலை உருவாயிற்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்ட பின்னரும், வரியோடு சேர்த்துப் பார்க்கும்போது புதிய கார் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத விலையிலேயே இருக்கிறது. ஆகவே 2000ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகமாகி, பின்னர் இங்கே வந்து சேர்ந்த ரொயோட்டாவின் 121 கொரோல்லா (121 என்பது மாதிரியின் இலக்கம்) போன்ற கார்களை வைத்திருப்பவர்கள், அவற்றின் கியர்பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. எஞ்சின் ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட, ஒட்டோ கியர்பெட்டியின் எண்ணெயை வண்டி வாங்கிய நாள் முதல் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். பெட்டி பழுதடைந்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் எண்ணெயின் விலை மிகச் சிறியது.

வேலை கடினமானதன்று, எஞ்சின் ஒயில் மாற்றத் தெரிந்தவரால் இதையும் செய்ய முடியும். ஆனால் எஞ்சின் ஒயிலில் அரை லீற்றர் கூடினாலும் குறைந்தாலும் வண்டி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஒட்டோ கியர்பெட்டி அவ்வாறு பொறுக்காது. சரியான எண்ணெய், சரியான அளவு என்ற இரண்டிலும்தான் இந்த வேலை முழுவதும் தங்கியிருக்கிறது என்பதால், கீழே வரும் விளக்கத்தில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இந்த எண்ணெய் கியர்பெட்டிக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையில் உள்ள ரோர்க் கொன்வேட்டரில் விசையைக் கடத்துவது இந்த எண்ணெய்தான். அங்கே சாதாரண நிலையில் இரும்புக்கு இரும்பு பிடிப்பு ஏதும் இல்லை. கியர் மாறும்போது கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் பம்பினால் அழுத்தமேற்றப்பட்ட இதே எண்ணெய்தான். பற்சக்கரங்களுக்கு வழுக்கும் தன்மையைக் கொடுக்கும் அதே வேளையில், கிளச் தட்டுகள் வழுக்காமல் பிடிப்பதற்கு வேண்டிய உராய்வையும் அது கொடுக்கவேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு குணங்களையும் ஒரே திரவத்தில் வைத்திருப்பதற்காகவே அதில் தனிச் சேர்மங்கள் கலக்கப்படுகின்றன. (1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்த உராய்வுச் சேர்மமாகத் திமிங்கில எண்ணெயையே பயன்படுத்தினார்கள். திமிங்கிலங்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்த பிறகுதான் மாற்று தேடினார்கள்.) வெப்பத்தில் இச்சேர்மங்கள் சிதைகின்றன. வெப்பநிலை ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயரும்போதும் எண்ணெய் பழுதடையும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு. கொழும்பு நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும் வண்டியும், ஐந்து பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு ஏறும் வண்டியும் இந்தக் கணக்கின் தவறான பக்கத்தில் நிற்கின்றன. ஆகவே கையேட்டில் எவ்வளவு நீண்ட இடைவெளி குறிப்பிடப்பட்டிருந்தாலும், நமது பாவனைக்கு 40,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றுவதே தகும் என்பது என் கருத்து.

எந்த எண்ணெய்?

வாங்கப் போவதற்கு முன், உங்களுடைய வண்டியில் இருப்பது வழமையான ஒட்டோ கியர்பெட்டியா அல்லது படிப்படியான கியர்கள் இல்லாத சி.வி.ரி. வகையா என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். கியர் கைபிடியில் இரண்டிலும் பி, ஆர், என், டி என்றே இருக்கும் என்பதால் உள்ளே அமர்ந்து பார்த்து மட்டும் இதைச் சொல்ல முடியாது. 121 கொரோல்லாவில் இருப்பது நான்கு வேக ஒட்டோ கியர்பெட்டி. ஆனால் 2006 ஒக்ரோபரில் வந்த 141 அக்ஸியோவிலும் அதற்குப் பின் வந்த 260 அலியன், பிரிமியோவிலும் பெரும்பாலும் சி.வி.ரி. பெட்டிதான் இருக்கிறது. சி.வி.ரி. பெட்டியில் உருக்குப் பட்டியொன்று இரண்டு கப்பிகளுக்கிடையே உராய்வினால் பிடித்து ஓடுகிறது. அதற்கு வேறு எண்ணெய் வேண்டும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எண்ணெயை அதில் ஊற்றினால் பட்டி வழுக்கிப் பெட்டியே அழிந்துபோகும். உங்களுடையது சி.வி.ரி. என்றால் இங்கேயே நிறுத்திக்கொண்டு, அந்த மாதிரிக்குரிய கையேட்டைத் தேடிப் பிடியுங்கள்.

121 கொரோல்லாவுக்கு உரிய எண்ணெய் ரொயோட்டாவின் ரைப் ரி-4. இந்த நான்கு ரோமன் எண்ணில் எழுதப்பட்டிருக்கும். எஞ்சின் மூடியைத் திறந்து, கியர்பெட்டியின் டிப்ஸ்ரிக்கை, அதாவது எண்ணெய் அளவுக்கோலை இழுத்துப் பார்த்தால், எண்ணெயின் பெயர் பெரும்பாலும் அந்தக் கோலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைக்காரரின் சொல்லைவிடவும், நண்பரின் சொல்லைவிடவும், இந்தக் கட்டுரையைவிடவும் அந்தப் பொறிப்பை நம்புங்கள். அதற்கு முந்திய 110 கொரோல்லா போன்ற வண்டிகள் பொதுவாக டெக்ஸ்ரன் வகையைக் கேட்கும். பின்னர் வந்த ரொயோட்டாக்கள் டபிள்யூ.எஸ். என்ற மெல்லிய எண்ணெயைக் கேட்கும். ரி-4 கேட்கும் பெட்டியில் டபிள்யூ.எஸ். ஊற்றுவதோ, டபிள்யூ.எஸ். கேட்கும் பெட்டியில் ரி-4 ஊற்றுவதோ கூடாது. புதியதுதானே, இன்னும் நல்லதாக இருக்கும் என்று எண்ணுவது இங்கே பொருந்தாது. பழைய ஹொண்டாவுக்கு ஹொண்டாவின் எண்ணெயும், மிற்சுபிஷிக்கு அதன் எஸ்.பி. வகையும் என ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் உராய்வுத் தேவைக்கேற்பத் தனித்தனி எண்ணெயையே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

கடையில் வெறுமனே “கியர் ஒயில்” என்று கேட்டால், கைக்கியர் வண்டிகளுக்கு ஊற்றும் தடித்த 80-90 எண்ணெயை எடுத்துத் தந்துவிடக்கூடும். “ஒட்டோ கியருக்கு ஊற்றும் ஏ.ரி.எவ்., ரைப் ரி-4” என்று முழுமையாகக் கேளுங்கள். போலி எண்ணெயும் சந்தையில் உண்டு. ஆகவே முத்திரை உடையாத தகரத்தை, தெரிந்த கடையில், சிட்டையோடு வாங்குங்கள். எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்படும் எண்ணெய்களில் சில உண்மையிலேயே நல்லவை. எனினும் தகரத்தின் பின்புறத்தில் ரைப் ரி-4 என்ற பெயர் தெளிவாக இல்லாவிட்டால் வாங்கவேண்டாம்.

மாற்றலாமா, கூடாதா?

பழைய கியர்பெட்டியில் புதிய எண்ணெய் ஊற்றினால் பெட்டி போய்விடும் என்று சொல்லும் மெக்கானிக்குகள் ஏராளம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நீண்ட காலம் மாற்றப்படாத எண்ணெயில் கிளச் தட்டுகளிலிருந்து தேய்ந்த துகள்கள் மிதந்துகொண்டிருக்கும். தேய்ந்துபோன தட்டுகள் ஓரளவு பிடிப்பதற்கு அத்துகள்களும் உதவக்கூடும். அந்நிலையில் உள்ள பெட்டிக்குப் புதிய எண்ணெய் ஊற்றினால், ஏற்கெனவே இருந்த வழுக்கல் வெளியே தெரியவரும்; பழி எண்ணெயின் மேல் விழும். ஆகவே வண்டி இப்போது எப்படி ஓடுகிறது என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்கவேண்டும். டியில் போட்டால் இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் நகர்கிறதா? அழுத்தினால் எஞ்சின் இரைகிறது, ஆனால் வேகம் கூடவில்லையா? கியர் மாறும்போது அடி விழுவதுபோல் உலுக்குகிறதா? இவற்றில் ஏதேனும் இருந்தால், அளவுக்கோலில் எண்ணெய் குறைந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துவிட்டு, கியர்பெட்டி வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். தேய்ந்த தட்டை எண்ணெய் மாற்றிச் சரிசெய்ய முடியாது. இப்படியான குறை எதுவும் இல்லாமல் ஓடும் பெட்டிக்கு, எவ்வளவு பழையதாக இருந்தாலும், சிறிது சிறிதாக எண்ணெய் மாற்றுவதால் நன்மையே விளையும்.

அடுத்ததாக எண்ணெயையே பாருங்கள். கோலை இழுத்து, வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டால், புதிய எண்ணெய் மாதுளைச் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்பு அடையாளத்துக்காகச் சேர்க்கப்படும் சாயம் மட்டுமே என்பதால், அது மங்கிப் பழுப்பாவதை வைத்து மட்டும் பயப்படத் தேவையில்லை. நிறத்தைவிட மணம் அதிகம் சொல்லும்: கருகிய வாடை வந்தால் கிளச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. கறுப்புத் துகள்கள் துணியில் ஒட்டினாலும் பொருள் அதுவே.

மூன்றாவது ஒரு தோற்றமும் உண்டு. எண்ணெய் பலூடாவைப் போல இளஞ்சிவப்புப் பாலாகத் தெரிந்தால், அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் சிறு குழாய் றேடியேற்றரின் கீழ்த் தொட்டிக்குள்ளேதான் அமைந்திருக்கிறது. கூலன்றுக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவரும் வண்டிகளில், அதிலும் சுண்ணாம்புக் கல்லின் வழியாக ஊறிவரும் யாழ்ப்பாணத்து வன்னீரை ஊற்றிவரும் வண்டிகளில், அந்தக் குழாயைச் சுற்றிப் படிவும் அரிப்பும் ஏற்பட்டு, ஒருநாள் அது ஓட்டையாகிவிடக்கூடும். அவ்வாறான நிலையில் வண்டியை மேற்கொண்டு ஓட்டவே கூடாது. றேடியேற்றரை மாற்றிய பிறகுதான் எண்ணெயைப் பற்றிப் பேசலாம்.

ஆயத்தம்

ஒரு தடவைக்கு 4 லீற்றர் எண்ணெய் போதும். அதோடு வடிகால் போல்ற்றுக்குப் புதிய வொஷர் ஒன்று, நீண்ட மெல்லிய கழுத்துடைய புனல், வடியும் எண்ணெயைப் பிடிக்க 5 லீற்றருக்குக் குறையாத தட்டம், அளவுக்கோடு இட்ட ஒரு லீற்றர்க் குவளை, நூல் உதிராத துணி, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி ஆகியவை வேண்டும். துணியின் நூலிழை ஒன்று உள்ளே போய் வால்வொன்றில் சிக்கினாலும் தொல்லைதான்; பழைய சாரத்துண்டு வேண்டாம். வடிகால் போல்ற் மாதிரிக்கு மாதிரி மாறும். பல ரொயோட்டாக்களில் 10 மில்லிமீற்றர் அறுகோணக் குழி உள்ள போல்ற் இருக்கும்; அதற்கு அலன் சாவி வேண்டும். சிலவற்றில் சாதாரணத் தலை உள்ள போல்ற்றே இருக்கும். எதுவென்று முதல்நாளே கீழே குனிந்து பார்த்து, பொருந்தும் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை உயர்த்தவேண்டுமானால், ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகவே கூடாது. உறுதியான சீமெந்துத் தரையில் நிறுத்தி, கைப்பிறேக் போட்டு, பின்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜக்கினால் உயர்த்தி, இரண்டு பக்கமும் ஜக் ஸ்டாண்டுகளை வைத்து, வண்டியைத் தோளால் அசைத்துப் பார்த்த பின்னரே உள்ளே நுழையுங்கள். குழி உள்ள சேர்விஸ் நிலையமொன்றில் இடம் தந்தால் அது இன்னும் நல்லது. வண்டி மட்டமாகவே நிற்கும், எண்ணெயும் முழுமையாக வடியும்.

வடித்தல்

முதலில் வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவாருங்கள். சூடான எண்ணெய் எளிதாக வடிவதோடு, அடியில் தங்கியுள்ள துகள்களையும் அள்ளிக்கொண்டு வரும். ஆனால் மிகக் கொதிப்பாக இருந்தால் கை வெந்துவிடும் என்பதால், எஞ்சினை நிறுத்திச் சிறிது நேரம் ஆறவிடுங்கள்.

கீழே போனதும் எது எந்தப் போல்ற் என்பதைத் தெளிவாக அடையாளம் காணுங்கள். 121 கொரோல்லாவில் எஞ்சின் குறுக்காக வைக்கப்பட்டிருக்கிறது; சாரதியின் இருக்கையிலிருந்து முன்னோக்கிப் பார்த்தால் எஞ்சின் வலப்பக்கமும் கியர்பெட்டி இடப்பக்கமும் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி எண்ணெய்த் தட்டும் தனித்தனி வடிகாலும் உண்டு. இவற்றை மாற்றிக் குழப்பிக்கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி நேர்வது: கியர் எண்ணெயை வடித்துவிட்டு, எஞ்சினுக்குள் இன்னொரு 3 லீற்றர் ஊற்றிவிடுவார்கள். முதலில் வரும் சொட்டைப் பாருங்கள். மெல்லியதாக, சிறிதேனும் செம்மையோடு வந்தால் கியர் எண்ணெய். தடித்துக் கறுப்பாக வந்தால் அது பெரும்பாலும் எஞ்சின் ஒயில். உடனே போல்ற்றை மீண்டும் இறுக்கிவிட்டு, எந்தத் தட்டின் கீழ் நிற்கிறீர்கள் என்பதை மறுபடியும் பாருங்கள்.

தட்டத்தை வைத்து, போல்ற்றைத் தளர்த்தி, கடைசிச் சுற்றுகளைக் கையால் திருகி எடுங்கள். எண்ணெய் முதலில் வேகமாகப் பாயும், பின்னர் சொட்டும். சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள், அரை மணிநேரம் ஆனாலும் பரவாயில்லை. பிறகு போல்ற்றையும் அது இருந்த வாயையும் துடைத்து, புதிய வொஷரோடு கையால் முழுதும் திருகி, அதன் பின்னர் சாவியால் இறுக்குங்கள். முறுக்குச் சாவி இருந்தால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கலாம். இல்லாவிட்டால் வொஷர் நசுங்கி அமரும் வரை இறுக்கினால் போதும். அளவுக்கு மீறி இறுக்கித் தட்டின் மரையை இழுத்துவிட்டால் புதிய தட்டு தேடவேண்டி வரும்.

இனி வருவது பலர் தவிர்த்துவிடும் வேலை. வடிந்த எண்ணெயை அளவுக் குவளையால் முகந்து, எத்தனை லீற்றர், எத்தனை மில்லிலீற்றர் என்று அளந்து எழுதி வையுங்கள். பெரும்பாலும் 3 லீற்றருக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். எண்ணெய் மாற்றுவதற்கு முன் கோலில் அளவு சரியாக இருந்திருந்தால், வடிந்த அளவையே திருப்பி ஊற்றவேண்டும். முன்பு குறைவாகவோ கூடுதலாகவோ இருந்திருந்தால் அதையும் கணக்கில் எடுக்கவேண்டும். இதனால்தான் வடிப்பதற்கு முன் ஒரு தடவை கோல் பார்த்து வைத்திருப்பது அவசியமாகிறது.

ஊற்றுதலும் அளவு பார்த்தலும்

கியர்பெட்டிக்கு எண்ணெய் ஊற்றத் தனி மூடி இல்லை. அளவுக்கோல் இருக்கும் குழாய்தான் ஊற்றும் வழியும். கோலை எடுத்துவிட்டு, அதைச் சுற்றியுள்ள தூசை முன்னரே துடைத்திருந்தால், புனலை வைத்து மெதுவாக ஊற்றலாம். வடிந்த அளவில் ஏறக்குறைய 300 மில்லிலீற்றரை மிச்சம் பிடித்துவிட்டு மற்றதை ஊற்றுங்கள். குறைவாக ஊற்றிப் பின்னர் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. கூடுதலாக ஊற்றிவிட்டுப் பின்னர் வெளியே எடுப்பது பெரிய வேலை.

வண்டியைத் தரையில் இறக்கி மட்டமான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை இயக்கி, கால் பிறேக்கை நன்றாக அழுத்தியபடி, கியர் கைபிடியை பியிலிருந்து ஆர், என், டி, 2, எல் என ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வினாடி வைத்து, மீண்டும் பிக்குக் கொண்டுவாருங்கள். இவ்வாறு செய்தால்தான் எண்ணெய் எல்லா அறைகளுக்கும் போய்ச் சேரும். கைப்பிறேக்கையும் போட்டுவிட்டு இறங்குங்கள்; எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். எஞ்சின் ஒயிலை நிறுத்தி வைத்துப் பார்க்கும் பழக்கத்தில் இதையும் நிறுத்தி வைத்துப் பார்ப்பது தவறு. நிறுத்தினால் மேலே உள்ள எண்ணெய் தட்டுக்குள் இறங்கி, கோலில் கூடுதலாகக் காட்டும். (ஹொண்டா கார்களில் மட்டும் முறை வேறு: சூடேறிய எஞ்சினை நிறுத்தி, ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்கவேண்டும்.)

கோலை இழுத்து, துடைத்து, முழுவதும் அமரும்படி மீண்டும் செருகி, மறுபடி இழுத்துப் பாருங்கள். ரொயோட்டாவின் கோலில் இரண்டு எல்லைகள் உண்டு. கீழே உள்ளது குளிர்ந்த நிலைக்கு, மேலே உள்ளது சூடான நிலைக்கு. எண்ணெய் சூடாகும்போது விரிவதால் இந்த இரண்டும் தேவைப்படுகின்றன. குளிர் எல்லை வெறும் முதற்கட்டக் கணிப்புக்கு மட்டுமே. இறுதி முடிவை எண்ணெய் 70 முதல் 80 பாகை செல்சியஸ் வரை சூடேறிய பின்னர் சூடான எல்லையை வைத்தே எடுக்கவேண்டும். இந்தச் சூட்டுக்கு நமது வீதிகளில் ஏறத்தாழ 20 நிமிடம் ஓட்டவேண்டியிருக்கும். ஆகவே முதலில் குளிர் எல்லைக்குள் வந்ததும் வண்டியை ஊருக்குள் மெதுவாக ஓட்டிவந்து, மீண்டும் கியர்களைச் சுற்றிக் கொண்டுவந்து, அதே முறையில் பாருங்கள்.

கோலின் இரண்டு பக்கமும் ஒரே அளவைக் காட்டாமல் போகலாம். ஊற்றிய உடனேயே பார்த்தால் குழாயின் சுவரில் வழியும் எண்ணெய் கோலில் பூசி மேலே காட்டும். சில நிமிடம் பொறுத்து, குறைவாகக் காட்டும் பக்கத்தையே உண்மையென எடுங்கள். சூடான எல்லையின் இரண்டு கோடுகளுக்கிடையே எங்கிருந்தாலும் அது சரியான அளவுதான். மிச்சம் வைத்த 300 மில்லிலீற்றரில் தேவையானதை மட்டும், 100 மில்லிலீற்றருக்கு மேற்படாமல் சிறிது சிறிதாகச் சேர்த்துச் சேர்த்துப் பாருங்கள்.

அளவு குறைந்தால் பம்பு காற்றையும் சேர்த்து இழுக்கும். அழுத்தம் குறைந்து கிளச் தட்டுகள் வழுக்கும். கூடினால் சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் இருப்பதும் காற்றே என்பதால் அங்கேயும் அழுத்தம் குறைந்து அதே வழுக்கல் வரும். மேலும் பெட்டிக்குள் இருக்கும் காற்று வெளியேறும் மூச்சுக்குழாய் வழியாக எண்ணெய் வெளியே கக்கவும் கூடும். கூடுதலாகிவிட்டால் வண்டியை ஓட்டவேண்டாம். கோல் குழாய் வழியாக மெல்லிய பிளாஸ்ரிக் குழாயை இறக்கி, பெரிய ஊசிக்குழலால் உறிஞ்சி எடுக்கலாம். வடிகாலைத் திறந்து கொஞ்சம் விட்டுவிட்டு மூடுவதைவிட இது துப்புரவானது.

முடிந்ததும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழே வெளிச்சம் அடித்து வடிகாலில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலையில் நிறுத்திய இடத்தில் அட்டையொன்றை விரித்து வைத்துப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

தட்டைக் கழற்ற வேண்டுமா?

எண்ணெய்த் தட்டைக் கழற்றினால் உள்ளே சல்லடையும், இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தங்களும் இருக்கும். காந்தங்களில் நுண்ணிய சாம்பல்நிறக் குழம்பு படிந்திருப்பது வழமையான தேய்மானம். துடைத்துவிட்டு அதே இடத்தில் வைக்கலாம். பளபளக்கும் சீவல்களோ உடைந்த பற்களோ இருந்தால் பெட்டிக்குள் ஏதோ உடைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இந்தத் தகவலுக்காகவே தட்டைக் கழற்றுவது பயனுள்ளது. ஆயினும் முதல் தடவை செய்பவர் இதை விட்டுவிடலாம் என்றே சொல்வேன். தட்டைச் சுற்றியுள்ள சிறு போல்ற்றுகளுக்கு 10 நியூட்டன் மீற்றருக்கும் குறைவான முறுக்கே தேவை. கையின் பழக்கத்தில் இறுக்கினால் தட்டு வளைந்து கசியத் தொடங்கும். தட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் கசிவைத் தடுக்க வைக்கும் கஸ்கற்றோடு சிலிக்கோன் பசையையும் அப்பிவிடும் வழக்கம் கராஜ்களில் இருக்கிறது. உள்ளே பிதுங்கிய பசை உதிர்ந்து சல்லடையை அடைக்கக்கூடும் என்பதால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். புதிய கஸ்கற்றும், சுத்தமாகத் துடைத்த இரண்டு முகங்களும், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கும் பொறுமையும் இருந்தால் போதும்.

அடுத்த தடவைகள்

ஒரு தடவை வடிக்கும்போது பெட்டியில் உள்ள எண்ணெயில் பாதிகூட வெளியே வராது. மிச்சம் ரோர்க் கொன்வேட்டரிலும் வால்வுகளிலும் குளிரூட்டும் குழாய்களிலும் தங்கிவிடும். மொத்தம் 7 லீற்றர், வடிவது 3 லீற்றர் என்று எடுத்துக்கொண்டால், முதல் தடவைக்குப் பிறகு உள்ளே இருப்பதில் 43 வீதமே புதியது. இரண்டாம் தடவைக்குப் பின் அது 67 வீதமாகவும், மூன்றாம் தடவைக்குப் பின் 81 வீதமாகவும் உயரும். நான்காவது தடவை 89 வீதத்தைத் தரும். செலவாகும் எண்ணெயைப் பார்க்கும்போது அது தேவையில்லை. ஒவ்வொரு தடவைக்கும் இடையில் 1,000 கிலோமீற்றர் ஓட விடுங்கள். பழைய பெட்டிக்கு இந்த மெதுவான முறையே உகந்தது என்று சொல்வதற்குக் காரணம், புதிய எண்ணெயில் உள்ள கழுவும் சேர்மங்கள் பல ஆண்டுப் படிவை ஒரேயடியாகக் கிளப்பாமல் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன என்பதும், ஏதாவது மாற்றம் தெரிந்தால் இடையில் நிறுத்திக்கொள்ள உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது என்பதும்தான்.

இயந்திரம் பூட்டி முழு எண்ணெயையும் ஒரே தடவையில் மாற்றித் தரும் சேவையும் கிடைக்கிறது. அவற்றில் கியர்பெட்டியின் சொந்தப் பம்பின் அழுத்தத்தையே பயன்படுத்தி, குளிரூட்டும் குழாய் வழியாகப் பழையதை வெளியேற்றும் வகை அவ்வளவு ஆபத்தானதன்று. வெளி அழுத்தத்தால் தள்ளும் வகையை, வரலாறு தெரியாத பழைய பெட்டிக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஜப்பானிலிருந்து வந்த நாளில் மீற்றர் காட்டிய தூரம் உண்மையானதா என்பதே பல வண்டிகளில் ஐயத்துக்குரியது. எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதை எதைக் கொண்டு அறிவது?

ஒவ்வொரு தடவையும் திகதி, மீற்றர் காட்டிய தூரம், வடிந்த அளவு, ஊற்றிய அளவு, எண்ணெயின் பெயர் ஆகியவற்றை எழுதி வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். மூன்றாம் தடவைக்குப் பின் ஒரு வாரம் கழித்து, வண்டி சூடாக இருக்கும்போது கோலை இன்னொரு முறை பார்த்து, அந்த அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் எப்போதாவது அளவு குறைந்தால் அது கசிவினால்தான் என்று உறுதியாகச் சொல்லலாம், ஏனென்றால் எஞ்சின் ஒயிலைப் போல இந்த எண்ணெய் எரிந்து செலவாவதில்லை.

மூன்று தடவையிலும் சேர்ந்து ஏறத்தாழ 9 லீற்றர் பழைய எண்ணெய் உங்களிடம் மிஞ்சும். அதைக் கானிலோ வளவின் மூலையிலோ ஊற்றாதீர்கள், கறையானுக்கென்று வேலிக் கட்டைகளுக்கும் பூசாதீர்கள். யாழ் குடாநாட்டில் குடிநீர் வருவது நிலத்தடிச் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தேங்கும் தண்ணீரிலிருந்துதான். அந்த வெடிப்புகள் எண்ணெயை வடிகட்டித் தருவதில்லை என்பது சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது எல்லோருக்கும் தெரியவந்தது. புதிய எண்ணெய் வந்த தகரங்களிலேயே பழையதை ஊற்றி மூடி, பழைய எஞ்சின் ஒயிலைச் சேகரிக்கும் சேர்விஸ் நிலையமொன்றில் ஒப்படையுங்கள். தகரத்தின் மேல் “பழைய எண்ணெய்” என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அதை யாராவது புதியது என்று எண்ணி மீண்டும் ஒரு வண்டிக்குள் ஊற்றிவிடக்கூடும்.